மின்னஞ்சலும் அதன் திறவுகோலும்

இளங்கோவடிகள் இயற்றிய சிலப்பதிகாரத்திலே மாதவி கோவலனுக்கு எழுதிய திருமுகங்கள் இரண்டு. முன்னையது வேனிற்காதையில் வருவது. தாழை மடலை ஏடாகவும், பிச்சியின் அரும்பை எழுத்தாணியாகவும், செம்பஞ்சுக் குழம்பை மையாகவும் கொண்டு அவள் வரைந்த அம்முடங்கலை வசந்தமாலை எடுத்துச் சென்று கூல மறுகிலே கோவலனிடம் நீட்ட, அவன் அதனை வாங்க மறுத்தான். பின்னையது புறஞ்சேரியிறுத்த காதையில் வருவது. கோசிகன் என்னும் அந்தணன் அதனைச் சுமந்து வழியெல்லாம் தேடிச் சென்று, மதுரைக்கு அணித்தாக நின்ற கோவலனிடம் சேர்ப்பித்தான். ஓலையின் மேலிட்ட மண்ணிலச்சினையிலே மாதவியின் கூந்தல் நெய் மணந்தது. அதனால், ஓலையை விரிக்குமுன்னரே எழுதியவள் இன்னாளெனக் கோவலன் தெளிந்தான். படித்து முடித்தபின், அதன் வாசகம் தன் பெற்றோர்க்கும் பொருந்துவதாயிருத்தலைக் கண்டு, அவ்வோலையையே அவர்களிடம் கொடுக்குமாறு கோசிகனை அனுப்பினான்.

இப்பகுதியைக் கற்பிக்க நேரும்போதெல்லாம் யான் மாணவரிடம் சில வினாக்களை விடுப்பதுண்டு. கடிதம் எதில் எழுதப்பட்டது? அதனைக் கொண்டு சென்றவர் யார்? எழுதியவர் இவரே என்பதற்கு அடையாளம் யாது? ஈற்றில் அக்கடிதம் யாருடைய கையிலே தங்கியது? ஓலைக்குரிய இவ்வினாக்கள் இன்று நம் மாணவர் சட்டைப் பையிற் கொண்டு திரியும் மின்னஞ்சலுக்கும் உரியனவே. ஆயினும் ஓலையைப் பற்றிக் கேட்டால் விடை கூறும் பிள்ளை, தன் மின்னஞ்சலைப் பற்றிக் கேட்டால் விழிக்கின்றது. அதனால் விளைந்த கேடொன்றை யான் கண்ணாரக் கண்டேன். அதுவே இக்கட்டுரைக்குக் காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த என் மாணவி ஒருத்தி, தாயொருத்தியின் கூலியுழைப்பில் வளர்ந்தவள், டிப்ளோமாக் கற்கைநெறியொன்றுக்கு விண்ணப்பிக்க விரும்பி என்னிடம் வந்தாள். விண்ணப்பத்திலே மின்னஞ்சல் முகவரிக்கென ஓர் இடம் இருந்தது. “சேர், எனக்கு ஈமெயில் இல்லையே” என்றாள். “சந்தியிலுள்ள கொமினிகேசனுக்குப் போய் ஒன்று எடுத்துக்கொள், பிள்ளை” என்று கூறியவன் யானே. அங்கிருந்த இளைஞன் தன் தொலைபேசி எண்ணைக் கொண்டே அவளுக்கு ஒரு முகவரியை உண்டாக்கி, அதனை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்தான். கடவுச்சொல்லை அவன் கொடுக்கவில்லை, அவள் கேட்கவுமில்லை. அப்படி ஒன்று உண்டென்பதை அவள் அறியாள். இரண்டு திங்களின் பின் நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு அம்முகவரிக்கு வந்தது. அதற்குள் அவ்விளைஞன் வெளிநாடு சென்றுவிட்டான், கடையும் கைமாறிவிட்டது. தபாற்காரனை எதிர்பார்த்து வாசலிலேயே இருந்த பிள்ளை, ஐயுற்றுத் தொலைபேசியில் விசாரித்தபோது தேர்வு நாள் கழிந்து ஒன்பது நாளாயிற்று. உரிய நாளிலேயே கடிதம் அனுப்பப்பட்டது என்றனர், அது பொய்யுமன்று. மறு ஆண்டு அவள் ஆடைத் தொழிற்சாலையொன்றில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அன்று அவளுக்கு யான் விளக்கியிருக்க வேண்டியதையே, காலந் தாழ்த்தியேனும், இவ்விழா மலரில் எழுதுகின்றேன். யான் கணினி ஆசிரியன் அல்லேன், தமிழாசிரியன். எனினும் கடிதம் எழுதக் கற்பித்தல் தமிழாசிரியனின் கடனாதலின், அக்கடிதம் எங்கே போய் எங்கே தங்குகின்றது என்பதை அறிவித்தலும் அவன் கடனேயாம்.

மின்னஞ்சலின் பிறப்பு 1971 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. ரே தொம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், ஆர்ப்பாநெற் என்ற வலையமைப்பில் இணைந்திருந்த இரு கணினிகளுக்கிடையே, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி அனுப்பினார். இரண்டும் ஒரே அறையில் அருகருகே நின்றவை. அம்முதற் கடிதத்தில் யாது எழுதினார் என்பது பின்னர் அவருக்கே நினைவில் இல்லை. ஆயினும், ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட அவர் தெரிந்தெடுத்த ‘அற்’ என்னும் குறி நிலைத்துவிட்டது. அக்குறிக்கு முன்னால் இருப்பது ஆளின் பெயர்; பின்னால் இருப்பது அவ்வாளின் கடிதங்களை ஏற்று வைத்திருக்கும் வழங்கியின் பெயர். வழங்கியாவது இரவும் பகலும் ஓயாது இயங்கிப் பலர்க்கும் பணி செய்யும் கணினி.

கிளிநொச்சியிலிருக்கும் மாணவி ஒருத்தி ரொறன்ரோவிலிருக்கும் பழைய மாணவர் ஒருவருக்கு எழுதுகின்றாள் என்க. அவள் கையிலுள்ள கருவி கடிதத்தை முதலில் அவளுடைய வழங்கிக்கு ஒப்புவிக்கும். அவ்வழங்கி, ‘அற்’ குறிக்குப் பின்னுள்ள பெயரை இணையத்தின் பெயரேட்டிலே தேடி, பெறுபவரின் வழங்கி எங்குள்ளதென அறிந்து அதனிடம் கையளிக்கும். இக்கையளிப்புக்குரிய நெறிமுறை 1982 இல் வகுக்கப்பட்டது. சிற்சில திருத்தங்களுடன் இன்றும் அதுவே நடைமுறையிலுள்ளது. கடிதம் பெறுபவரின் வழங்கியிலே காத்திருக்கும். அவர் உறங்கினாலும், கருவியை அணைத்து வைத்தாலும், கருவியே பழுதுற்றாலும், அங்கே அது காத்திருக்கும். ஆகவே, கடிதம் வந்து தங்குமிடம் கைத்தொலைபேசியன்று, வழங்கியே. நம் பிள்ளைகளுள் பலர் இதனை அறியாமையினாலேயே, ‘போன் உடைந்துவிட்டது, ஈமெயிலும் போய்விட்டது’ என்கின்றனர்.

வழங்கியிலுள்ள கடிதத்தை நாம் பார்க்கும் வழிகள் சில உள. நம் ஊர் வழக்கால் விளக்குவேன். இரணைமடுக் குளத்து நீரைக் குடத்தில் மொண்டு வீட்டுக்குக் கொண்டுபோனால் அந்நீர் வீட்டிலேதான் உள்ளது; குடம் உடைந்தால் நீரும் போயிற்று. 1984 இல் வகுக்கப்பட்ட பொப் என்னும் முறை இத்தகையது. அது கடிதங்களை வழங்கியிலிருந்து மேசைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும். இறக்கியவற்றைப் பெரும்பாலும் வழங்கியிலிருந்து நீக்கியும் விடும். 1986 இல் மார்க் கிறிஸ்பின் என்பவர் வகுத்த ஐமப் என்னும் முறையோ, நீரைக் குளத்திலேயே நிறுத்தி வாய்க்கால் வழியே பயன்கொள்வதை ஒக்கும். மேசைக் கணினியிற் படித்த கடிதம் கைத்தொலைபேசியிலும் படித்ததாகவே தோன்றும். ஓரிடத்தில் அழித்தது எல்லாவிடத்தும் அழியும். உவமை இதற்குமேற் செல்லாது. குளத்து நீர் இறைக்க இறைக்கக் குறையும். கடிதமோ எத்தனை வாசலினின்று நோக்கினும் குறைவதில்லை.

மூன்றாவது வழி வலையஞ்சல். மென்பொருள்களை மேசைக் கணினியில் நிறுவியே கடிதம் படித்த காலத்தில், 1996 ஆம் ஆண்டு யூலை 4 ஆந் திகதி, சபீர் பாட்டியா என்னும் இந்தியரும் ஜாக் சிமித் என்னும் அமெரிக்கரும் ஹொட்மெயில் என்ற சேவையைத் தொடங்கினர். எதனையும் நிறுவ வேண்டியதில்லை. எந்த நாட்டில் எந்தக் கணினியின் முன் அமர்ந்தாலும், உலாவியைத் திறந்து பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டால் தன் கடிதங்கள் தன் முன்னே. அடுத்த ஆண்டின் இறுதியிலேயே மைக்ரோசொப்ற் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிற்று. 2004 ஏப்ரல் முதலாந் திகதி கூகிள் நிறுவனம் ஜீமெயிலை அறிவித்தது. ஹொட்மெயில் இரண்டு மெகாபைற் இடந் தந்த காலத்தில் இது ஒரு கிகாபைற் தருவதாகக் கூறவே, திகதியை நோக்கிய பலர் அதனை முட்டாள்கள் தினப் பகிடியென்றே எண்ணினர். ஜீமெயிலிற் பிறிதொரு புதுமையும் இருந்தது. கடிதமொன்றைத் திறக்கும்போது பக்கம் முழுவதும் மறுபடி வரவேண்டியதில்லை. வேண்டிய பகுதி மாத்திரம் வழங்கியிலிருந்து வந்து பொருந்தும். உலாவிக்குள்ளே இயங்கினும் நிறுவிய மென்பொருள் போலவே அது விரைந்து நடந்தது. இன்று நாம் இணையத்திற் கடிதம் எழுதுவதும், கணக்கேடு பதிவதும், விண்ணப்பம் நிரப்புவதும் பெரும்பாலும் இவ்வகையான வலைவழி மென்பொருள்களாலேயாம்.

இம்முறையின் நன்மையும் தீமையும் ஒரே இடத்திற் பிறப்பன. எக்கணினியிலும் திறக்கலாம் என்பது நன்மை. பிறர் கணினியிலே திறந்து, வெளியேறாமல் எழுந்து சென்றால், அடுத்து வந்து அமர்பவர் நம் கடிதமனைத்தையும் படிக்கலாம் என்பது தீமை. கடைகளிலே கணினியைப் பயன்படுத்தும் மாணவர், எழுந்து செல்லுமுன் ‘வெளியேறு’ என்பதை அழுத்துதல், கிணற்றடியை விட்டு வருமுன் கயிற்றைக் கட்டி வைப்பது போலப் பழக்கமாதல் வேண்டும்.

வன்னி மக்களுக்கு இக்கருவிகள் வந்து சேர்ந்த வரிசை பிற இடத்தாரினின்றும் வேறுபட்டது. யான் பிள்ளையாயிருந்த காலத்திலும் பின்னரும் எங்களுக்கு மின்சாரமே அரிது. வெளியூரிலுள்ள உறவினர்க்கான கடிதம் ஊருக்குப் போவார் கையிலே கொடுத்தனுப்பப்படும். அன்றேல் செஞ்சிலுவைச் சங்கத்தின் குடும்பச் செய்தித் தாளில் எழுதப்படும். அத்தாள் உறையிடப்படாதது, குடும்ப நலமன்றி வேறெதுவும் அதில் எழுதலாகாது. கைத்தொலைபேசிச் சேவை கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் பெரும்பாலான ஊர்களுக்கு வந்தது 2009 க்குப் பின்னரேயாம். மேசைக் கணினி, வலையஞ்சல் என்னும் படிகளிற் காலூன்றாமலே நம்மவர் கைத்தொலைபேசி என்னும் படியில் ஏறினர். அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியை முதன்முதல் இயக்கும்போது அது கூகிள் கணக்கொன்றைக் கேட்கும். விற்பவர் ஏதோவொன்றை இட்டுக் கொடுப்பார். இவ்வாறு, மின்னஞ்சல் என்பது கடிதம் எழுதுவதற்கு உரியதென்று அறியாமலே மின்னஞ்சல் முகவரி உடையவராயினர் பலர். கேட்டால், “அது போன் வேலை செய்யிறதுக்குப் போட்டது சேர்” என்பர்.

கைத்தொலைபேசியிலுள்ள அஞ்சற் செயலி, அண்மைக் கடிதங்களின் பிரதிகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். ஆகவே தொடர்பில்லாத இடத்திலும் அவற்றைப் படிக்கலாம், மறுமொழியும் எழுதலாம். ஆயின் அம்மறுமொழி கருவியின் புறப்பெட்டியிலே நிற்குமேயன்றிப் புறப்படாது. 2020 இற் கொள்ளைநோய் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது, வட்ஸ்அப் வழியாகவும் மின்னஞ்சல் வழியாகவும் வினாத்தாள்களை அனுப்பினோம். காட்டோரக் கிராமமொன்றிலிருந்து ஒரு மாணவன் நாடோறும் மாலையில் குளக்கட்டின்மேல் ஏறி நின்றே விடைகளை அனுப்புவான். அங்கேதான் சமிக்ஞை கிடைக்கும். ஒருநாள் மழை. கட்டுக்குப் போகாமல் வீட்டிலிருந்தே ‘அனுப்பு’ என்பதை அழுத்திவிட்டு, அனுப்பியாயிற்று என்று மனநிறைவுடன் இருந்தான். மூன்றாம் நாள் யான் அவனைக் கடிந்துகொண்டேன். அவன் அழாத குறையாகத் தொலைபேசியை நீட்டினான். விடைத்தாள் புறப்பெட்டியிலே கிடந்தது. பிழை அவனதன்று. அழுத்துவது வேறு, அனுப்பப்படுவது வேறு என்பதை அவனுக்குக் கூறாத என்னுடையதே. கடிதம் ‘அனுப்பியவை’ என்னும் பகுதியிலே தோன்றிய பின்னரே அது நம் கையை விட்டுச் சென்றதெனக் கொள்க.

இணைப்புக்களைப் பற்றியும் ஒருசொல். ஜீமெயிலில் ஒரு கடிதத்துடன் 25 மெகாபைற் வரையே இணைக்கலாம். சான்றிதழ்களைக் கைத்தொலைபேசியிற் படம் பிடித்து அப்படியே இணைப்பவர், நான்கைந்து படங்களிலே இவ்வெல்லையை நெருங்குவர். தரவுப் பணமும் கரையும். படங்களை ஒரே பீ.டீ.எஃப். கோப்பாக்கி, அதற்குத் தம் பெயரையும் சான்றிதழின் பெயரையும் இட்டு அனுப்புதலே முறை. ‘ஐ.எம்.ஜி. 2034’ என்னும் பெயருடன் வரும் கோப்பு எவருடையதென்று பெறுபவர் எங்ஙனம் அறிவார்?

இனி, கடிதத்தின் மொழி. மின்னஞ்சல் தோன்றியபோது அது சுமக்கக் கூடிய குறிகள் 128 மட்டுமே. அவை உரோம எழுத்து, எண், நிறுத்தக்குறி என்பனவற்றுடன் நிரம்பிவிட்டன. தமிழுக்கு அங்கே இடமில்லை. ஆகவே நம்மவர் ஓர் உபாயம் செய்தனர். உரோம எழுத்தின் இடத்திலே தமிழெழுத்தின் வடிவத்தைக் காட்டும் எழுத்துருக்களை ஆக்கினர். இலங்கையிற் பெருவழக்குப் பெற்ற ‘பாமினி’ அத்தகையது. அதிலே ‘தமிழ்’ என்று அடித்தால் கணினி உள்ளே பதிந்துகொள்வது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு உரோம எழுத்துக்களையும் ஓர் அரைப்புள்ளியையுமே. பெறுபவரிடம் பாமினி இருந்தால் தமிழ். இல்லையேல் அந்நான்கெழுத்தும் அரைப்புள்ளியுமே அவர் கண்ணிற் படும். தாய் எழுதிய கடிதம் மகனுக்குக் குழூஉக்குறியாய்ப் போய்ச் சேர்ந்த காலம் அது.

இதற்கு மாற்றாக, உலக மொழிகள் எல்லாவற்றின் எழுத்துக்கும் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறி என்னும் முறை 1991 இல் வெளியாயிற்று. தமிழ் அதன் முதற் பதிப்பிலேயே இடம்பெற்றது. அடுத்த ஆண்டு, எந்த மொழியின் எழுத்தையும், படத்தையும், ஒலியையும் பழைய அஞ்சல் வழியே அனுப்புதற்குரிய மைம் என்னும் முறையும் வகுக்கப்பட்டது. ஆயினும் முறை வகுத்த அன்றே மக்கள் கைக்கு அது வந்துவிடவில்லை. விண்டோஸ் இயங்குதளம் தமிழ் ஒருங்குறியை ஏற்றது 2000 ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் தாம் ஆக்கிய தமிழ் மென்பொருளுக்கு ‘முரசு அஞ்சல்’ என்று பெயரிட்டமை ஈண்டுக் கருதத்தக்கது. கணினியில் தமிழ் எழுதுவதன் பயன் கடிதமே என்பதை அப்பெயரே உணர்த்தும். அவரே ஆக்கிய ‘செல்லினம்’ 2005 ஆம் ஆண்டுப் பொங்கல் நாளிலே சிங்கப்பூரில் வெளியாகி, கைத்தொலைபேசியிலும் தமிழ் எழுத வழி செய்தது. ஈழத்தவரான சுரதா யாழ்வாணன் இணையத்தில் இட்ட ‘பொங்குதமிழ்’ எழுத்துருமாற்றியையும் மறத்தலாகாது. பாமினி முதலியவற்றில் எழுதியதை ஒரு பெட்டியில் இட்டால் மறு பெட்டியில் ஒருங்குறியாய் வரும். நிறுவ வேண்டாத, உலாவியிலேயே இயங்கும் வலைவழி மென்பொருளுக்கு நம்மவர் ஆக்கத்திலேயே இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 2008 இல் ஒருங்குறியைத் தழுவித் தமிழுக்கான எஸ்.எல்.எஸ். 1326 என்னும் நியமத்தை வெளியிட்டது.

வகுப்பிலே மாணவர் விரும்பிக் கேட்கும் கணக்கொன்றை இங்கே கூறுவேன். ‘தமிழ்’ மூன்றெழுத்து என்பது நம் மரபு. ஒருங்குறிக்கோ அது ஐந்து: தகரம், மகரம், இகரத்தின் விசிறி, ழகரம், புள்ளி. அவ்வைந்தில் ஒவ்வொன்றும் இன்று பெருவழக்கிலுள்ள பதிவுமுறையில் மூன்று பைற் கொள்ளும், ஆகப் பதினைந்து. பழைய அஞ்சல் வழி தாங்கும்பொருட்டு மைம் முறையால் மாற்றும்போது மூன்று பைற்றுக்கு நான்கு உரோமக் குறியாக இருபது குறிகள் ஆகும். மூன்றெழுத்தாய்ப் புறப்பட்ட சொல் இருபது குறிகளாய்க் கடல் கடந்து, மறுகரையிலே மீண்டும் மூன்றெழுத்தாய் நிற்கின்றது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்த நம் முன்னோர், அப்புள்ளிக்கும் ஒருநாள் தனியெண் கிடைக்குமென்று எண்ணியிரார்.

முகவரியையே தமிழில் வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் வினவுவர். ‘.இலங்கை’ என்னும் தமிழ் ஈற்றுப்பெயர் 2010 இல் நடைமுறைக்கு வந்தது. உரோமமல்லாத எழுத்தில் அமைந்த அஞ்சல் முகவரிகளுக்கான நியமங்கள் 2012 இல் வெளியாயின. ஜீமெயில் 2014 ஆகஸ்டிலிருந்து அவற்றுக்கு அனுப்பவும் அவற்றிலிருந்து பெறவும் இடந்தந்தது. எனினும் விண்ணப்பப் படிவங்கள் பல தமிழ் முகவரியை இன்னும் ஏற்பதில்லை. எனது கருத்து இது: முகவரி உரோம எழுத்தில் இருக்கட்டும், கடிதம் தமிழில் இருக்கட்டும். முகவரியிலுள்ள பெயர் அடையாள அட்டையிலுள்ள எழுத்துக்கூட்டலையே பின்பற்றட்டும். நடிகர் பெயரையும் பட்டப்பெயரையும் முகவரியாக வைத்த மாணவர், ஐந்தாண்டு கழித்து வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதனை எழுத நாணுவதைக் கண்டிருக்கின்றேன்.

திறவுகோலைப் பற்றி எழுதவே இவ்வளவும் எழுதினேன். கடிதம் வழங்கியில் உள்ளதென்றால், அதனைத் திறப்பவன் யார்? கடவுச்சொல்லை உடையவன். கடவுச்சொல் மறந்தால் யாரிடம் கேட்கப்படும்? கணக்கை ஆக்கும்போது கொடுத்த தொலைபேசி எண்ணிடம். என் மாணவியின் கணக்கிலே இரண்டும் கடைக்காரனுடையவை. பெயர் அவளது, கணக்கு அவனது. இதனைப் பிறகு உணர்ந்த யான், வகுப்பில் உள்ளவர்களின் நிலையை விசாரித்தபோது திகைத்தேன். அண்ணனின் எண், அயலவரின் எண், கைவிட்ட பழைய சிம் அட்டையின் எண் என்பனவே பெரும்பாலான கணக்குகளுக்கு ஆதாரமாயிருந்தன. நெடுநாள் பயன்படுத்தாத எண்ணைச் சேவை வழங்குவோர் வேறொருவர்க்கு வழங்குதல் வழக்கம். அப்போது நம் கணக்கின் கதவும் அவ்வேற்றாரை நோக்கித் திறக்கின்றது.

ஆதலின் செய்யற்பாலன இவை. கணக்கைத் தானே ஆக்க வேண்டும். இயலாதாயின் பிறர் ஆக்கும்போது அருகிருந்து கடவுச்சொல்லைத் தன் கையாலேயே இட வேண்டும். எண் மாறினால் அன்றே கணக்கிலும் மாற்ற வேண்டும். இரட்டைச் சரிபார்ப்பை இயக்கினால் கூகிள் பத்து மாற்றுக் குறியெண்களைத் தரும். தொலைபேசி தொலைந்த நாளில் அவற்றுள் ஒன்று ஒருமுறை கதவு திறக்கும். அவற்றைத் தொலைபேசியிலேயே படமாக வைத்தல், திறப்பைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுதலை ஒக்கும். பிறப்புச் சாட்சிப் பத்திரம் இருக்கும் கோப்பிலே, கடதாசியில் எழுதி வைத்தலே தக்கது. எத்தனையோ இடப்பெயர்வுகளிலும் அக்கோப்பை மட்டும் கைவிடாது காத்த தாய்மாரை உடையோம். அதனினும் பாதுகாப்பான இடம் வேறில்லை.

வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர்க்கும் இங்கே ஒரு விண்ணப்பம். இரண்டாண்டு திறக்கப்படாத கணக்குகளை அழிக்கலாம் என்னும் விதியைக் கூகிள் நிறுவனம் 2023 திசெம்பர் முதல் நடைமுறைப்படுத்துகின்றது. பல குழுக்களின் பழைய மடல்களைத் தாங்கியிருந்த யாகூக் குழுக்கள் சேவை 2020 திசெம்பரில் முற்றாக மூடப்பட்டது. கல்லூரியைப் பற்றி நீங்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களும், அனுப்பிய படங்களும், போரிலே பதிவேடுகளை இழந்த நமக்கு ஆவணங்களாம். ஆண்டுக்கொருமுறையேனும் கணக்கைத் திறந்து பார்க்குமாறும், அரியவற்றை இறக்கிப் பிரதியொன்றைக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்புமாறும் வேண்டுகின்றேன்.

மண்ணிலச்சினையின் இடத்தில் இன்று உள்ளது யாது? அனுப்பும் வழங்கி தன் மறைக்குறியினால் கடிதத்துக்கு ஒப்பமிட, பெறும் வழங்கி அதனைச் சரிபார்க்கும் முறை 2007 இல் நியமமாயிற்று. ஆயின் அது வழங்கியை மெய்ப்பிக்குமேயன்றி ஆளை மெய்ப்பிக்காது. கடிதத்தின் தலைப்பில் வங்கியின் பெயரையோ அதிபரின் பெயரையோ எவரும் எழுதிவிடலாம். பெயரைத் தொட்டு, அதன் பின்னுள்ள முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்த பின்னரே நம்புக. கடவுச்சொல்லையோ, தொலைபேசிக்கு வந்த குறியெண்ணையோ கேட்கும் கடிதம் எவர் பெயரில் வரினும் கோவலன் முதலோலைக்குச் செய்ததையே அதற்குச் செய்க.

எழுதும் முறையைச் சுருங்கக் கூறுவேன். வகுப்பிலே பலகாற் கூறியதுதான். பொருள் வரியை வெறுமையாக விடலாகாது. ‘வணக்கம்’ என்பது பொருளன்று. ‘2 ஆந் தவணை விடுகை விண்ணப்பம்’ என்பது பொருள். ஒருவர்க்கு எழுதுவதைப் பிறர்க்கும் தெரியப்படுத்தப் பிரதி; பலர்க்கு எழுதும்போது ஒருவர் முகவரி மற்றவர்க்குத் தெரியாதிருக்க மறைபிரதி. பெற்ற கடிதத்தை முன்னனுப்பும்போது அதனடியில் தொங்கும் பழைய கடிதங்களை முதலிற் படிக்க வேண்டும். கோவலன் மாதவியின் ஓலையைப் பெற்றோர்க்கு அனுப்பியது அதில் எவர் பெயரும் இன்மையாலும், வாசகம் பொருந்தியமையாலுமே. நாமோ, நண்பனுக்கு எழுதிய ஏளனத்தை அடியிலே தொங்கவிட்டுக்கொண்டு அதிபருக்கு முன்னனுப்புகின்றோம்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மாணவி தன் கைத்தொலைபேசியுடன் வீட்டுக்கு வந்தாள். பழைய கணக்கைத் திறக்க இருவருமாய் முயன்றோம், இயலவில்லை. புதியதொன்றைத் தானே ஆக்கினாள். கடவுச்சொல்லை இடும்போது என்னை அப்பால் திரும்பியிருக்கச் சொன்னாள். தொழிற்சாலை வேலையுடன் பகுதிநேரக் கற்கையொன்றுக்கு விண்ணப்பிக்கப் போவதாகக் கூறினாள்.

அதன்பின் பத்தாம் வகுப்பில் ஒரு பயிற்சியைத் தொடங்கினேன். ஒவ்வொரு மாணவரும் தம் சொந்த முகவரியிலிருந்து, தமிழில், கல்லூரியின் பழைய மாணவர் ஒருவருக்குக் கடிதம் எழுத வேண்டும். முதல் மறுமொழி இலண்டனிலிருந்து மூன்றாம் நாள் வந்தது. தமிழையே உரோம எழுத்தில் அடித்திருந்தார். பொருள் வரியும் வெறுமை. பிள்ளைகள் வாய்விட்டுப் படித்துப் படித்தே கருத்தைக் கண்டனர். கடிதம் பெற்ற மாணவி, அவருடைய கைத்தொலைபேசியில் தமிழ் விசைப்பலகையை இயக்கும் வகையை ஆறு வரிகளில் எழுதி அனுப்பினாள். ஒரு கிழமை சென்று, ‘நாற்பது ஆண்டின் பின் தமிழில் எழுதும் முதற் கடிதம்’ என்னும் பொருள் வரியுடன் இரண்டாவது மறுமொழி வந்தது. பிழையிருந்தால் திருத்துமாறு ஈற்றிலே கேட்டிருந்தார். ஒற்றுப்பிழை இரண்டு இருந்தன, திருத்தி அனுப்பினார்கள்.